வஞ்சிரம்னு வாங்கியது வஞ்சிரம்தானா? மீனின் அசல் பெயரைச் சொல்லும் விரைவு டிஎன்ஏ சோதனை

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலத்துக்கு வரும்போது மீனுக்குத் தலை, வால், தோல் எல்லாம் இருக்கும். எது வஞ்சிரம், எது பாறை என்று மீன் விற்கும் பெண்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். அதே மீன் நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி, நெய்வேலி என்று உள்ளே போய், துண்டு போட்டு, மசாலா தடவி, தட்டில் வரும்போது யாரால் சொல்ல முடியும்? விற்பவர் சொல்லும் பெயரைத்தான் நம்ப வேண்டும். அந்தப் பெயர் உண்மையா என்று கண்டுபிடிக்கத்தான் டிஎன்ஏ சோதனை.

பெயர் மாறினால் என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம் பணம். வஞ்சிரத்தின் விலையைக் கொடுத்துவிட்டு, அதைவிட மலிவான மீனைச் சாப்பிடுகிறோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வரத்து குறைந்து விலை ஏறும் இந்த மாதிரி நேரத்தில் மாற்றி விற்கும் ஆசையும் கூடும்.

இரண்டாவது உடல்நலம். 2007-ல் அமெரிக்காவின் சிகாகோவில் வீட்டில் சூப் வைத்துக் குடித்த இரண்டு பேருக்கு விஷம் ஏறியது. வேறு மீனின் பெயரில் இறக்குமதியான அது, உண்மையில் பேத்தை மீன் என்று டிஎன்ஏ சோதனை காட்டியது. பேத்தையில் இருக்கும் விஷம் சமைத்தாலும் போகாது. அதே ஆண்டு ஹாங்காங்கில் காட் மீன் என்ற பெயரில் எண்ணெய் மீன் விற்கப்பட்டு, சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டது.

இந்தியாவில் இது நடக்கிறதா?

நடக்கிறது. இந்தியாவில் விற்கப்படும் கடல் உணவுகளில் 100 மாதிரிகளை டிஎன்ஏ முறையில் சோதித்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. அவற்றில் 22 சதவீதத்தில் பெயர் தவறாக இருந்தது. அமெரிக்காவில் ஓசியானா அமைப்பு 1,215 மாதிரிகளைச் சோதித்து 2013-ல் வெளியிட்ட அறிக்கையில் மூன்றில் ஒன்று தவறு. 'ஸ்னாப்பர்' என்று விற்கப்பட்டதில் மட்டும் 87 சதவீதம் வேறு மீன். நம்ம ஊரில் சங்கரா என்ற பெயரில் விற்கப்படும் மீன்களில் இந்த ஸ்னாப்பர் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு.

டிஎன்ஏ எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் 'சிஓஐ' என்று ஒரு மரபணு இருக்கிறது. இது பெரும்பாலும் ஒவ்வொரு இனத்துக்கும் வித்தியாசமாக இருக்கும். அதில் சுமார் 650 எழுத்துகளைப் படித்து, ஏற்கெனவே சேகரித்து வைத்த பட்டியலோடு ஒப்பிட்டால் மீனின் பெயர் தெரிந்துவிடும். கடையில் பொருளின் பார்கோடை ஸ்கேன் செய்வது மாதிரி. அதனால்தான் இதற்கு 'டிஎன்ஏ பார்கோடிங்' என்று பெயர். கனடா விஞ்ஞானி பால் ஹெபர்ட் 2003-ல் இதை முன்வைத்தார்.

அரிசி அளவு சதை போதும். வறுத்த மீனிலும் பெரும்பாலும் வேலை செய்யும். டின்னில் அடைத்த மீனில் அதிகச் சூட்டினால் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். அதற்குச் சின்னத் துண்டுகளை மட்டும் படிக்கும் 'மினி பார்கோடு' இருக்கிறது.

அப்போ 'விரைவு' சோதனை என்றால் என்ன?

பார்கோடிங் "இது என்ன மீன்?" என்று கேட்கும். அதற்கு ஆய்வகம் வேண்டும், பதில் வர நாட்கள் ஆகும். விரைவு சோதனை கேட்பது "இது வஞ்சிரமா, இல்லையா?" என்ற ஒரே கேள்விதான். அதனால் பதிலும் சீக்கிரம் வரும்.

கொரோனா காலத்தில் கேள்விப்பட்ட பிசிஆர் முறைதான் இங்கேயும். அதில் சூட்டை ஏற்றி இறக்க வேண்டும். 'லேம்ப்' என்ற இன்னொரு முறைக்கு 60 முதல் 65 டிகிரி வரை ஒரே சூடு போதும். சுமார் ஒரு மணி நேரத்துக்குள் திரவத்தின் நிறம் மாறுவதை வைத்தே முடிவு சொல்லலாம். தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் களவா மீனுக்கென்றே ஒரு கையடக்கக் கருவியை உருவாக்கினார்கள். அது ஆர்என்ஏவை வைத்து முக்கால் மணி நேரத்தில் சொல்லிவிடும்.

இந்தச் சோதனை எதைச் சொல்லாது?

மீன் புதுசா, பழசா என்று சொல்லாது. எங்கே பிடித்தது என்றும், ஃபார்மலின் கலந்திருக்கிறதா என்றும் சொல்லாது. ஃபார்மலினுக்கு கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018-ல் அறிமுகப்படுத்திய காகிதப் பட்டை தனி. "இல்லை" என்று முடிவு வந்தால், பிறகு என்ன மீன் என்று அறிய பார்கோடிங்தான் கதி. நெருங்கிய சொந்தமான சூரை இனங்களை சிஓஐ மட்டும் வைத்துப் பிரிப்பதும் கஷ்டம்.

எல்லாப் பெயர் மாற்றமும் மோசடியா?

இல்லை. தூத்துக்குடியில் 'சீலா' என்றால் வஞ்சிரம். சென்னையில் 'ஷீலா' என்றால் பாரகுடா எனப்படும் வேறு மீன். இரண்டு வியாபாரிகளும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் பாக்கெட்டில் அறிவியல் பெயரும் இருந்தால் குழப்பம் தீரும். மேலே இருப்பவர் மாற்றிக் கொடுத்ததைத் தெரியாமல் விற்ற சின்ன வியாபாரியும் ஏமாந்தவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006-ன் 52-வது பிரிவுப்படி, தவறான பெயரிட்ட உணவை விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 40-வது பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கவும் முடியும்.

வாங்குபவர் என்ன செய்யலாம்?

- முழு மீனாகத் தேர்ந்தெடுத்து, கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள்.
- துண்டாக வாங்கினால் தோலோடு கேளுங்கள். தோலும் ஒரு அடையாளம்.
- பாக்கெட் மீனில் மீனின் பெயரைப் பாருங்கள். 'ஃபிஷ் ஃபில்லட்' என்று மட்டும் இருந்தால் என்ன மீன் என்று கேளுங்கள்.
- வழக்கத்தைவிட ரொம்ப மலிவாக வஞ்சிரம் கிடைத்தால், ஏன் என்று யோசியுங்கள்.
- பில்லை வைத்திருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் கொடுக்கும்போது அது உதவும்.