ஏரியில் எழுந்த ஊர்: நம்ம தி.நகர் கதை



மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒரு தெரு இருக்கு. நம்மில் பலர் அந்த வழியாத்தான் தினமும் வேலைக்குப் போறோம். ஏரி தெரியும் தெரு என்று பெயர். ஆனா, ஏரி எங்கே?

நூறு வருஷத்துக்கு முன்னால் மாம்பலம் ஒரு சின்ன கிராமம். அதற்கும் மவுண்ட் ரோட்டுக்கும் நடுவே, நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்தது ஒரு பெரிய ஏரி. 'லாங் டேங்க்' என்று ஆங்கிலத்தில் அழைத்தார்கள்.

சென்னையில் ஜனம் பெருகியது, வீட்டுக்கு இடம் போதவில்லை. 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி ஆட்சியில், 1923 முதல் 1925 வரை ஏரியைத் தூர்த்து மனைகள் பிரித்தார்கள். நடுவில் பனகல் பூங்கா, அதைச் சுற்றி அகலமான சாலைகள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரில் ஊர் தியாகராய நகர் ஆனது. உஸ்மான் ரோடு, டாக்டர் நாயர் ரோடு எல்லாம் அந்தக் கட்சிக்காரர்கள் பெயர்தான். பாண்டி பஜாரும் சௌந்தரபாண்டியனார் பெயரால் வந்தது.

திட்டம் நல்ல திட்டம்தான். காற்று, வெளிச்சம், பூங்கா, மரம் எல்லாம் யோசித்தார்கள். ஆனா ரெண்டு விஷயத்தை யோசிக்கவில்லை.

ஒன்று, தண்ணீர். ஏரி போனாலும் மழை போகாதே. 2015 வெள்ளத்திலும் 2021 நவம்பர் மழையிலும் தி.நகர் தெருக்களில் தண்ணீர் தேங்கியதை நாம் மறக்க முடியுமா? சாமானைப் பரண்மேல் ஏற்றி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் நாம்தான்.

இன்னொன்று, உழைக்கிறவர்கள். வீடு வந்தால் வீட்டுவேலைக்கு ஆள் வேணும், காய்கறி வேணும், பூ வேணும். அந்த வேலையெல்லாம் செய்த பெண்கள் எங்கே குடியிருப்பார்கள், எங்கே கூடையை இறக்கி வைப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. 1921-ல் சென்னை மாகாணப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது உண்மை. ஆனால் அது சொத்து உள்ளவர்களுக்குத்தான். கீரைக்காரப் பாட்டிக்கு அதில் இடமில்லை.

1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தோடு கடைவீதியும் வளர்ந்தது. வீட்டுக்காகப் போட்ட தெருக்கள் வியாபாரத் தெருக்கள் ஆயின. நடைபாதைக் கடைகள் நிறைந்தன. 2013-ல் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளைத் தனி வளாகத்துக்கு மாற்றினார்கள். 2019-ல் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. நடக்க வசதிதான், சந்தோஷம். ஆனா தெருவோரம் வாங்கிப் பழகியவர்கள் மாடி ஏறி வருவார்களா? அது வியாபாரிக்குத்தான் தெரியும்.

நம் நகரத்தில் ஆற்றோரம் இருந்த குடும்பங்கள் பல கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனதை நாம் பார்த்திருக்கிறோம். வீடு கிடைத்தது. ஆனா வேலை இங்கே, வீடு அங்கே. விடியற்காலை பஸ் பிடிக்கும் அக்காமாரைக் கேட்டால் தெரியும், இடையில் உள்ள தூரம் எவ்வளவு என்று.

ஊர் வளரட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மயிலாப்பூர் மாட வீதி என்றால் பூக்கடை, தி.நகர் என்றால் தெருக்கடை. நடந்து போகும் தூரத்தில் வேலை, தெரிந்த முகங்கள், கடனுக்குக் காய் தரும் அக்கா. இதுதான் நம்ம ஊரின் குணம். கட்டடம் மட்டும் புதிதாகி இது போய்விட்டால், பெயர் மட்டும்தான் மிஞ்சும். லேக் வியூ ரோட்டில் ஏரியின் பெயர் மிஞ்சியதைப் போல.

அன்றைக்கு இல்லாத வழி இன்றைக்கு இருக்கிறது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. 2022 முதல் வார்டு குழுவும் பகுதி சபையும் நடக்கின்றன. மாநகராட்சி மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு.

அதனால ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, நம் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த அக்கா எந்த இடத்தில் கடை போடுகிறார், வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறோம் என்று எழுதுங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அதைப் பகுதி சபைக்கு எடுத்துப் போங்க. சேமிப்புக் கணக்கையே பிசகாமல் எழுதுகிற நமக்கு, ஊர்க் கணக்கு எழுதுவது கஷ்டமா என்ன?