அச்சம் ஏன் சுவைக்கிறது?

1970-இல் வெளிவந்த 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ' என்னும் இந்திப் படம் வசூலில் தோற்றது. ஆயினும், பிருத்விராஜ் கபூர் கோர முகமூடியணிந்து திருட வரும் காட்சியைக் காண்பதற்கென்றே மக்கள் திரையரங்கிற்கு வந்ததை ராம்சே சகோதரர்கள் கவனித்தனர். அதன் விளைவே 1972-இல் வந்த 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே'. இந்தியில் திகில் படம் தனி வகையாக வேரூன்றியது அதன் பின்னரே.

அக்காட்சியை நாடி வந்தவர்கள், வரப்போவதை அறிந்தே வந்தனர். எனவே எதிர்பாராத திடுக்கிடல் மட்டுமே இன்பத்திற்குக் காரணமாகாது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்து அபிநவகுப்தர் நாட்டிய சாத்திர உரையில் இதை ஆராய்ந்தார். காளிதாசரின் சாகுந்தலத்தில் துஷ்யந்தனுக்கு அஞ்சி ஓடும் மான் அவர் காட்டும் சான்று. அரங்கில் எழும் அச்சம் இன்னாருடையது, இவ்விடத்தது, இக்காலத்தது என்னும் எல்லைகளை இழக்கிறது. நமக்கோ பிறர்க்கோ உரிமையாகாத அச்சம் வருத்துவதில்லை, சுவையாகிறது.

அவர் கருதிய சுவைஞர் காவியப் பயிற்சி உடையவர் என்பது மெய்யே. ஆயினும் மானின் அச்சத்தைப் பயானக ரசம் என்று வகுப்பில் கற்பிக்கும் நாம், முகமூடிக்கு அஞ்சி மகிழ்ந்தோரை ரசனையற்றவர் என ஒதுக்குவது முறையன்று. அவர்களும் நம் அழகியல் வரலாற்றில் இடம்பெற வேண்டியவர்களே.