பிரித்தானியாவில் குழந்தை வறுமை குறித்த ஆய்வுகளும் அறநிறுவனங்களும் (1869–1979)

ஆய்வுச் சுருக்கம்

வறியோர்க்கு உதவும் அமைப்புகள் வறுமையை எவ்வாறு அறிந்தன என்பதே, அவை எத்தகைய தீர்வை முன்வைத்தன என்பதைப் பெரிதும் முடிவு செய்தது. பிரித்தானிய ஆய்வுகளின் அலகு தனிமனிதரின் ஒழுக்கத்திலிருந்து குடும்ப வருவாய்க்கும், பின்னர்க் குடும்பத்திற்குள் நிகழும் பங்கீட்டிற்கும் விரிந்ததை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குழந்தை வறுமை, அறநிறுவனம், வறுமைக்கோடு, ரௌண்ட்ரீ, குடும்ப உதவித்தொகை

முன்னுரை

1869இல் இலண்டனில் தோன்றிய அறக்கொடை ஒழுங்கமைப்புச் சங்கம், உதவி கோரியவர்களை ஒவ்வொருவராக விசாரித்தது. விண்ணப்பித்தவர் உதவிக்குத் தகுதியுடையவரா என்பதே அதன் முதன்மை வினா. குடிப்பழக்கம், சிக்கனமின்மை ஆகியன கருத்துடன் ஆராயப்பட்டன. பெற்றோரின் நடத்தை பற்றிய தீர்ப்பே பிள்ளைக்குக் கிடைக்கும் உதவியையும் முடிவு செய்தது. இவ்வணுகுமுறையை எதிர்த்து எழுந்தது புள்ளிவிவர ஆய்வு.

யார்க் நகர ஆய்வு

சார்லஸ் பூத், இலண்டன் மக்களுள் 30.7 விழுக்காட்டினர் வறுமையில் வாழ்வதாகக் கணக்கிட்டார். இது தலைநகருக்கு மட்டும் உரியதா என்னும் ஐயத்தைத் தீர்க்க, சாக்லேட் தொழிலதிபர் குடும்பத்தைச் சேர்ந்த சீபோம் ரௌண்ட்ரீ 1899இல் யார்க் நகரில் வீடுவீடாக ஆய்வு நடத்தினார். 11,560 குடும்பங்களின் விவரம் திரட்டப்பட்டு, முடிவுகள் 1901இல் நூலாயின.

பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் கொண்ட குடும்பம் உடல் வலிமையை மட்டும் காத்துக்கொள்ள வாரத்திற்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் தேவை என்று அவர் வரையறுத்தார். உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ், வாடகைக்கு 4 ஷில்லிங், ஏனையவற்றிற்கு 4 ஷில்லிங் 11 பென்ஸ் என்பது அதன் பகுப்பு. செய்தித்தாளுக்கோ பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கோ இதில் இடமில்லை. இவ்வரையறைக்கும் கீழ்ப்பட்ட வருவாயே ‘முதனிலை வறுமை’. நகர மக்களுள் 9.91 விழுக்காட்டினர் இந்நிலையில் இருந்தனர். ஏனைய வறியோரையும் சேர்க்க, மொத்தம் 27.84 விழுக்காடாயிற்று.

முதனிலை வறுமையில் இருந்தோருள் 51.96 விழுக்காட்டினர் நிலைக்குக் குறைந்த கூலியும், 22.16 விழுக்காட்டினர் நிலைக்கு நான்கிற்கு மேற்பட்ட பிள்ளைகளும் காரணமாயின. ஒழுங்காக உழைத்தும் வறியோராக வாழ்ந்தவர்கள் உண்டு என்பது இதனால் நிறுவப்பட்டது. உழைப்பாளி தன் வாழ்நாளில் மும்முறை வறுமைக்கு உட்படுவதையும் ரௌண்ட்ரீ காட்டினார்: தான் குழந்தையாயிருக்கையில், தன் பிள்ளைகள் சிறுவராயிருக்கையில், முதுமையில்.

அவருடைய தந்தை ஜோசப் ரௌண்ட்ரீ 1904இல் அறக்கட்டளைகளை நிறுவினார். கஞ்சித்தொட்டிக்கு நன்கொடை எளிதில் சேர்கிறது, வறுமையின் காரணங்களை ஆராய்வதற்கு ஆதரவு அரிது என்பது அவர் கருத்து. ஆய்வையே அறமாகக் கருதிய மரபுக்கு இது வித்திட்டது.

வீட்டிற்குள் நிகழும் பங்கீடு

ரௌண்ட்ரீயின் கணக்கில் குடும்பம் ஒரே அலகு. அதற்குள் உணவு எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை ஃபேபியன் மகளிர் குழு இலண்டனின் லாம்பெத் பகுதியில் 1909 முதல் 1913 வரை ஆராய்ந்தது. தாய்மார் வாரந்தோறும் எழுதிய வரவுசெலவுக் கணக்குகளே சான்றுகள். உழைக்கும் கணவனுக்கு முதற்பங்கு சென்றது. தாய்க்கும் பிள்ளைகளுக்கும் எஞ்சியதே கிடைத்தது.

கூலி, உழைப்பவருக்குப் பிள்ளைகள் எத்தனை என்று பார்ப்பதில்லை. ஆகவே தாய்க்கு நேரடியாக உதவித்தொகை வேண்டும் என்று எலினார் ராத்போன் 1924இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். 1945ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாம் பிள்ளை முதல் வாரம் 5 ஷில்லிங் வழங்கியது. தந்தைக்கே தொகை எனத் தொடங்கிய முன்வரைவு, அவரது போராட்டத்தால் தாய்க்கு என மாற்றப்பட்டது. 1946 ஆகஸ்டில் தொகை வழங்கப்படும்முன், அவ்வாண்டு ஜனவரியிலேயே அவர் மறைந்தார்.

அரசின் அளவுகோலே சான்றாதல்

நலத்திட்டங்களால் வறுமை ஒழிந்தது என்னும் நம்பிக்கை 1950களில் பரவலாக நிலவியது. பிரையன் ஏபல்-ஸ்மித், பீட்டர் டவுன்சென்ட் இருவரும் அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பையே மீண்டும் ஆராய்ந்து 1965இல் நூல் வெளியிட்டனர். அரசின் உதவித்தொகை அளவில் 140 விழுக்காட்டிற்கும் குறைவாக 1960இல் 75 இலட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களுள் சுமார் 22.5 இலட்சம் பேர் குழந்தைகள். 1965இல் உருவான குழந்தை வறுமைச் செயற்பாட்டுக் குழு இச்சான்றுகளை ஏந்தி அரசிடம் முறையிட்டது.

முதற்பிள்ளைக்கும் தாயிடமே தொகை வழங்கும் சட்டம் 1975இல் நிறைவேறியது. தந்தையின் வரிச்சலுகை நீங்கினால் ஆண்களின் கைக்கு வரும் ஊதியம் குறையும் என்று அஞ்சிய அமைச்சரவை, 1976இல் அதனை ஒத்திவைக்க முற்பட்டது. குழுவின் இயக்குநர் ஃபிராங்க் ஃபீல்டு அமைச்சரவை ஆவணங்களின் உள்ளடக்கத்தை இதழொன்றில் வெளிப்படுத்தினார். திட்டம் 1977இல் தொடங்கி, 1979இல் முழுமை பெற்றது.

முடிவுரை

ஒவ்வொரு ஆய்வும் எதனை எண்ணியதோ அதற்கேற்பவே தீர்வு அமைந்தது. ஒழுக்கத்தை எண்ணியபோது அறிவுரையும், வருவாயை எண்ணியபோது கூலி பற்றிய வாதமும், பங்கீட்டை எண்ணியபோது தாய்க்கான தொகையும் பிறந்தன. எனினும் அளவுகோலுக்கு ஓர் இடர் உண்டு. மறுப்போரின் வாயடைக்க ரௌண்ட்ரீ மிகத் தாழ்வாக வகுத்த கோடு, வாழ்வதற்குப் போதிய அளவு எனப் பிறரால் கொள்ளப்படக் கூடியதாயிற்று. சமூகத்தின் வழக்கமான வாழ்வில் பங்கேற்க இயலாமையே வறுமை என்று டவுன்சென்ட் 1979இல் விரித்துரைத்தமை இதற்கான மறுமொழியாகும். குறைந்தபட்சத் தேவையை வரையறுக்கும் எந்த அறநிறுவனமும், அவ்வரையறை பின்னர் உச்சவரம்பாகப் பயன்படுத்தப்படுமா என்பதையும் ஆராய்தல் வேண்டும்.