கற்றுக் கொடுக்கப் போனவர்கள் கற்றது



செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாள். இந்த நாள் வந்தாலே புதுக்கோட்டை மாவட்டத்தின் அறிவொளி காலம் ஞாபகத்துக்கு வந்துவிடும். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வரலாறு தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

1988-இல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம், நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையிலும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது ஆட்சியர் திருமதி ஷீலா ராணி சுங்கத். சம்பளம் வாங்காத தொண்டர்கள் இரவில் தெருவிலேயே பாடம் நடத்தினார்கள். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகியதும் அந்த இயக்கத்தில்தான். சைக்கிள் கதையை எல்லோரும் சொல்வார்கள். பாடம் நடத்தியவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்ததைச் சொல்பவர்கள் குறைவு.

அப்போது நான் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஆள் பற்றாக்குறையால் ஒன்பதாம் வகுப்புக்கும் கணக்குப் பாடம் எடுத்தேன். ஒரு பையன் தினமும் வகுப்பில் தூங்கி விழுவான். பெருக்கல்கூடத் தடுமாறும். மூன்று நாள் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன். நான்காம் நாள் பக்கத்துப் பையன் மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், அவன் ராத்திரி அறிவொளி வகுப்பு எடுக்குறான்."

அன்று இரவே போய்ப் பார்த்தேன். அரிக்கேன் விளக்கைச் சுற்றி, கல்குவாரி வேலை முடித்து வந்த ஒன்பது பெண்கள். அவர்களில் அவன் அம்மாவும் ஒருவர். ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, நாளுக்கு 12 ரூபான்னா ஆறு நாளுக்கு எவ்வளவு வரணும்?" அவன் கல்லை அடுக்கி அடுக்கி எண்ணினான். 72. அவர் கையில் இருந்ததோ 66. யாரும் பேசவில்லை. அவன் மட்டும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தான், தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று.

என் வகுப்பில் அவன் ஒருநாளும் விடையைச் சரிபார்த்ததில்லை. அங்கே தப்பினால் மதிப்பெண் மட்டும்தான் போகும். இங்கே ஒரு குடும்பத்தின் கூலி.

மறுநாள் வகுப்பின் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இன்று பிள்ளைகளின் புராஜெக்டைக் கடையில் அச்செடுத்து ஒட்டுகிறோம். அதற்குப் பதில், அடுத்த வீட்டுப் பாட்டிக்கு வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். தன்னை நம்பி ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளை தானாகப் படிக்கும்.

உங்களில் யாரெல்லாம் அறிவொளி வகுப்பு எடுத்தீர்கள்? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்