“அப்ளை பண்ணியிருக்கோம், அப்ரூவல் வந்துடும்!” - தொலைதூரக் கல்வியில் சேரும் முன் இதைப் படிங்க

“சார், டிகிரியைப் பாதியில விட்டுட்டீங்களா? ஒரே வருஷத்துல முடிச்சுத் தர்றோம். யு.ஜி.சி அப்ரூவ்டு யுனிவர்சிட்டி சார்!”

இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரத்தைத் தெரியாமல் தட்டிவிட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் இப்படி ஒரு குரல் உங்களைத் தேடி வரும். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். “யுனிவர்சிட்டி சரி, இந்த கோர்ஸைத் தொலைதூரக் கல்வியா நடத்த இந்த வருஷத்துக்கு அனுமதி இருக்கா?” குரலில் சின்னதாக ஒரு தடுமாற்றம். பிறகு வரும் பதில்: “அப்ளை பண்ணியிருக்கோம் சார், சீக்கிரம் வந்துடும். நீங்க ஃபீஸைக் கட்டிடுங்க.”

அந்த ‘வந்துடும்’ என்ற வார்த்தையை நம்பி வாழ்க்கையில் பல வருடங்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதைக்கு வருவோம். அதற்கு முன், போலிப் பல்கலைக்கழகம் வேறு, இது வேறு என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

முழுப் போலிகளைக் கண்டுபிடிப்பது சுலபம். யு.ஜி.சி தன் இணையதளத்தில் பட்டியலே வெளியிடுகிறது. டெல்லி தர்யாகஞ்சில் ‘கமர்ஷியல் யுனிவர்சிட்டி லிமிடெட்’ என்று ஒன்று பல ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெயரிலேயே ‘லிமிடெட்’! பட்டம் கொடுக்கும் உரிமை நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் போட்டு உருவாக்கிய பல்கலைக்கழகங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும் மட்டும்தான் என்கிறது 1956-ம் வருட யு.ஜி.சி சட்டம். அதை மீறினால்? அந்தச் சட்டப்படி அதிகபட்ச அபராதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாமல் பிடிபட்டாலும் அதே தொகைதான். ஏன் இவர்கள் பயப்படுவதில்லை என்று இப்போது புரிகிறதா?

சிக்கலானது இரண்டாவது வகை. பல்கலைக்கழகம் நிஜம், கட்டடம் நிஜம், ரெகுலர் வகுப்புகளும் நிஜம். ஆனால், தொலைதூரப் படிப்புக்கு மட்டும் அனுமதி இருக்காது, அல்லது காலாவதியாகியிருக்கும். விளம்பரத்தில் போடும் ‘யு.ஜி.சி அப்ரூவ்டு’ பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

முதலில் சத்தீஸ்கர். அந்த மாநிலம் 2002-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தாலே தனியார் பல்கலைக்கழகம் தயார். கொஞ்ச காலத்திலேயே 112 பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்குச் சொல்லிக்கொள்ளும்படி கட்டடம்கூடக் கிடையாது. யு.ஜி.சி-யின் முன்னாள் தலைவரும் விஞ்ஞானியுமான பேராசிரியர் யஷ்பால் உச்ச நீதிமன்றம் போனார். 2005 பிப்ரவரியில் அந்தச் சட்டப்பிரிவுகளை நீதிமன்றம் ரத்து செய்ய, அத்தனை பல்கலைக்கழகங்களும் காணாமல் போயின.

அடுத்தது நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் 2001 முதல் தொலைதூரக் கல்வியில் இன்ஜினீயரிங் நடத்தின. ஏ.ஐ.சி.டி.இ அனுமதி இல்லை. அப்போது தொலைதூரக் கல்விக்குப் பொறுப்பாக இருந்த கவுன்சில், வகுப்புகள் தொடங்கிப் பல வருடம் கழித்து ‘பின்தேதி’ ஒப்புதல் கொடுத்தது. படித்தவர்களில் பெரும்பாலோர் டிப்ளோமா முடித்து வேலையில் இருந்தவர்கள், பிரமோஷனுக்காகச் சேர்ந்தவர்கள். ஒடிசாவில் அப்படி ஒரு பிரமோஷன் தகராறுதான் வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது.

2017 நவம்பர் 3 அன்று தீர்ப்பு. பின்தேதி ஒப்புதல் செல்லாது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் ஏ.ஐ.சி.டி.இ நடத்தும் தேர்வை எழுதிப் பாஸ் ஆக வேண்டும், அதுவும் இரண்டே வாய்ப்பு. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து, கட்டிய ஃபீஸ் வாபஸ். யோசித்துப் பாருங்கள்... 40 வயதைத் தாண்டி, குடும்பம், இ.எம்.ஐ என்று ஓடிக்கொண்டிருப்பவர் மறுபடி இன்ஜினீயரிங் பரீட்சை எழுத வேண்டும். ஃபீஸ் திரும்பி வரலாம், படிப்புக்காகத் தொலைத்த ஞாயிற்றுக்கிழமைகள் வருமா?

ஆகவே, அனுமதி எப்போது ‘வரும்’ என்பது உங்களுக்குத் தேவையே இல்லை. நீங்கள் சேரும் வருடத்தில், சேரும் கோர்ஸுக்கு, அது இருக்கிறதா என்பது மட்டும்தான் கணக்கு. பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் இதே விதிதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று 2022 மார்ச்சில் யு.ஜி.சி பொது அறிவிப்பே வெளியிட்டது.

எங்கே பார்ப்பது? யு.ஜி.சி-யின் தொலைதூரக் கல்விப் பிரிவான ‘டெப்’ இணையதளத்தில். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்த கோர்ஸுக்கு, எந்த செஷனுக்கு அனுமதி என்று அங்கே இருக்கும். ஜனவரி-பிப்ரவரி, ஜூலை-ஆகஸ்ட் என்று வருடத்துக்கு இரண்டு செஷன். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பி.டி.எஃப்-ஐ நம்பாதீர்கள், பழைய கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. 2024 முதல் ‘டெப் ஐ.டி’ என்று ஒன்று கட்டாயமாகியிருக்கிறது. அதை மாணவரே தன் பெயரில் உருவாக்க வேண்டும். “அதெல்லாம் வேணாம், நாங்க பார்த்துக்கறோம்” என்று ஏஜென்ட் சொன்னால், போனை வைத்துவிடுங்கள்.

சில படிப்புகளுக்குப் பட்டியலைத் தேடவே வேண்டாம். இன்ஜினீயரிங் பட்டம், நர்ஸிங், பார்மசி, சட்டம், பிசியோதெரபி எல்லாம் தொலைதூரத்தில் கிடையாது. 2025 ஜூலை செஷனிலிருந்து சைக்காலஜி, நியூட்ரிஷன் போன்றவையும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. ‘கவுன்சலர் ஆகலாம்’ என்று ரீல்ஸ் பார்த்து ஆசைப்பட்டவர்கள் கவனிக்கவும். மூன்று வருட டிகிரியை ஒரே வருடத்தில் தருவதாகச் சொன்னால், அது பின்தேதி போட்டுச் சேர்க்கும் வேலை. டிகிரியே கிரிமினல் வழக்குக்கு ஆதாரமாகிவிடும்.

இன்னொன்று, ‘நாக்’ அங்கீகாரத்தைக் காட்டி ஏமாற்றுவது. ரெகுலர் கல்வியும் நடத்தும் பல்கலைக்கழகம் தொலைதூரப் படிப்புக்கு விண்ணப்பிக்கவே நான்குக்கு 3.01 நாக் மதிப்பெண்ணோ, என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசையில் முதல் 100-க்குள் இடமோ வேண்டும். அது விண்ணப்பிக்கத் தகுதி, அவ்வளவுதான். ஐ.எஸ்.ஓ சான்றிதழ், டிரஸ்ட் பதிவு, வாயில் நுழையாத பெயரில் ஏதோ ஒரு ‘இன்டர்நேஷனல் அக்ரிடிடேஷன் கவுன்சில்’ - இவற்றுக்கு அந்த மதிப்புகூடக் கிடையாது. பாகிஸ்தானின் ஆக்ஸாக்ட் நிறுவனத்தைப் பற்றி 2015-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது ஞாபகம் இருக்கலாம். போலிப் பல்கலைக்கழகங்களோடு, அவற்றுக்கு அங்கீகாரம் கொடுக்கும் போலி அமைப்புகளையும் அவர்களே நடத்தினார்கள். மாப்பிள்ளையும் அவரே, புரோக்கரும் அவரே!

டி.என்.பி.எஸ்.சி கனவு இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய டிகிரி, தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. 2009-லேயே அரசாணை போட்டுவிட்டார்கள். அதேசமயம், முறையான அனுமதியுள்ள தொலைதூர டிகிரி ரெகுலர் டிகிரிக்குச் சமம் என்று 2022-ல் யு.ஜி.சி தெளிவாகச் சொல்லிவிட்டது. “கரஸ்ல படிச்சதா?” என்று மூக்கைச் சுளிக்கும் சொந்தக்காரர்களுக்கு அந்த அறிவிப்பை ஃபார்வர்டு பண்ணலாம்.

‘நான் ஏற்கெனவே சேர்ந்துட்டேனே’ என்கிறீர்களா? அடுத்த செமஸ்டர் ஃபீஸைக் கட்டுவதற்கு முன், ஆர்.டி.ஐ இணையதளத்தில் யு.ஜி.சி-க்கு ஒரு மனு போடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர், கோர்ஸ், நீங்கள் சேர்ந்த வருடம், செஷன் எல்லாவற்றையும் குறிப்பிட்டு, அனுமதி இருந்ததா என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் அவகாசம். ஏஜென்ட்டுக்கு நீங்கள் அனுப்பிய ஜிபே ரசீதுகளையும், அவர் பேசிய வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். போலீஸில் புகார் கொடுக்க வேண்டியிருந்தால் முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.