மலையேறிய கூலி

போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் தமிழ்நாட்டின் எல்லையாகிய போடிமெட்டை அடைகிறோம். அப்பால் கேரளத்து இடுக்கி மாவட்டம். விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் இவ்வழியே எல்லையைக் கடக்கின்றனர். அவர்களை மலையேறச் செய்வது யாது? வேற்று மாநிலங்களில் பிழைப்பை அமைத்துக்கொண்ட நேயர்களுக்கு இக்கேள்வி புதிதன்று.

1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். அக்காலத்திலேதான், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. மலையில் நிலம் இருந்தது, ஆள் இல்லை. கீழே ஆள் இருந்தது, வேலை இல்லை. இவ்விரண்டையும் இணைத்தவர் கங்காணி. அவர் கொடுத்த முன்பணமே தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைக்கும் கயிறாகவும் ஆயிற்று.

மக்கள் பெருகினால் கூலி உயிர்பிழைக்கும் அளவுக்கே தாழும் என்று 1798-இல் மால்தஸ் என்னும் ஆங்கில அறிஞர் எழுதினார். பழைய தோட்ட வாழ்க்கையைப் பார்த்தால் அது மெய்யெனவே தோன்றும். பிற்கால வரலாறோ வேறு திசையிற் சென்றது. 2001-இல் 11,29,221 ஆக இருந்த இடுக்கி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011-இல் 11,08,974 ஆகக் குறைந்தது. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் பெருகியது. ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி, 2021-22-இல் கிராமப்புற ஆண் வேளாண் தொழிலாளரின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 726 ரூபாய். தமிழ்நாட்டில் 445 ரூபாய்.

எல்லையைக் கடந்த மாத்திரத்தில் ஒருவரின் கைத்திறன் கூடிவிடுவதில்லை. ஆகவே இவ்வேற்றுமைக்கு உற்பத்தித் திறன் மட்டும் காரணமாகாது. மக்கட்பெருக்கம் தணிந்ததும், கல்வி பரவியதும், இளைஞர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றதும், தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றதும் சேர்ந்தே கேரளத்தில் கூலியை உயர்த்தின.

ஆயினும் அந்த உயர்வு தேயிலைத் தோட்டத்தை எளிதில் எட்டவில்லை. அங்கே குடியிருக்கும் லயம் வேலையோடு இணைந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும். வேறிடம் போவேன் என்று சொல்ல இயலாதவரின் பேரம் வலுக்குறைந்ததே. 2015-இல் அவர்களது நாட்கூலி 232 ரூபாயாகத்தான் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர், 'பெண்களின் ஒற்றுமை' எனப் பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்து 20 சதவீத போனஸைப் பெற்றனர். நாட்கூலி 500 ரூபாய் வேண்டுமென்ற அடுத்த கோரிக்கைக்கு, அக்டோபரில் 301 ரூபாய் ஒப்புக்கொள்ளப்பட்டது. அத்துடன் அன்றாடம் பறிக்கவேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். நாட்கூலி ஏறத்தாழ 30 சதவீதம் ஏறியது. கிலோவுக்குக் கிடைப்பதோ 11 ரூபாய் 5 காசிலிருந்து 12 ரூபாய் 4 காசாயிற்று. ஏற்றம் 9 சதவீதமே. எஞ்சியது கூடுதல் உழைப்பின் விலை.

ஆதலின், கூலி உயர்ந்ததா என ஆராய்வோர் நாளொன்றுக்கு எத்தனை ரூபாய் என்பதோடு நிற்றல் கூடாது. எத்தனை கிலோவுக்கு, யாருடைய வீட்டில் இருந்துகொண்டு, வேலை ஓய்ந்தபின் எங்கே குடியிருப்பு என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். ஊரைவிட்டு வெளியே உழைப்போர் அனைவர்க்கும் இம்மூன்று கேள்விகளும் பொருந்தும்.