ஆளுக்கு 2 மரம்.. வாஷிங்டனையே மிஞ்சிய மேக்கன் நகரம்! செர்ரி பூக்களால் ஒரு ஊர் மாறியது எப்படி? முழு விவரம்

செர்ரி பூ என்றதும் நம்மில் பலருக்கும் ஜப்பான்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் என்றால் தலைநகர் வாஷிங்டன். ஆனா, 'உலகின் செர்ரி பூ தலைநகரம் நாங்கதான்' என்று சொல்லிக்கொள்வது இந்த இரண்டும் இல்லை. அமெரிக்காவின் தெற்குப் பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் மேக்கன் என்ற நடுத்தர ஊர்தான் அது.

2020 மக்கள்தொகை கணக்கெடுப்புப்படி இந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 1.57 லட்சம். அங்கே 3.5 லட்சத்துக்கும் அதிகமான செர்ரி மரங்கள் இருப்பதாக செர்ரி பூ திருவிழாவை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். அதாவது ஆளுக்கு 2 மரத்துக்கும் மேல்! உலகமே போய்ப் பார்க்கும் வாஷிங்டனில் இருப்பது சில ஆயிரம் மரங்கள்தான்.

இத்தனை மரங்கள் எப்படி வந்தன? பெரிய அரசுத் திட்டம் எதிலும் இது தொடங்கவில்லை. ஒரு வீட்டுத் தோட்டத்தில் நின்ற ஒரே ஒரு மரத்தில் தொடங்கியது.

பேர் தெரியாத மரம்

மேக்கனில் ரியல் எஸ்டேட் தொழில் செய்துவந்தவர் வில்லியம் ஃபிக்லிங். 1949-ல் தன் புது வீட்டுத் தோட்டத்தில் பூத்து நின்ற ஒரு மரத்தைக் கவனித்தார். அது என்ன மரம்னு அவருக்குத் தெரியவில்லை.

1952-ல் தொழில் விஷயமாக வாஷிங்டன் போனவர், அங்கே பூத்திருந்த செர்ரி மரங்களைப் பார்த்தார். அப்போதுதான் தன் வீட்டில் நிற்பதும் அதே 'யோஷினோ' வகை செர்ரி என்பது அவருக்குப் புரிந்தது.

ஊர் திரும்பிய ஃபிக்லிங், அந்த மரத்திலிருந்து புதுக் கன்றுகளை உருவாக்கக் கற்றுக்கொண்டார். கன்றுகளை அவர் விற்கவில்லை. தெரிந்தவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தார்.

1973-ல் நடந்த திருப்பம்

ஆனாலும், கன்று கொடுப்பதால் மட்டும் ஊர் மாறிவிடாது. அதை வாங்கிப் போய் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்க்க ஆள் வேண்டுமே! அந்த இடத்தில்தான் கரோலின் கிரேட்டன் வருகிறார்.

வட கரோலினாவிலிருந்து மேக்கனுக்குக் குடிவந்தவர் இவர். தான் வசித்த வெஸ்லியன் வுட்ஸ் பகுதி முழுக்க செர்ரி மரம் வைக்க வேண்டும் என்று ஃபிக்லிங்கிடம் கேட்டார். ஃபிக்லிங்கும் சம்மதித்தார். ஆனா ஒரு கண்டிஷன். மரங்களை அவர் தருவார், நடும் வேலையை கிரேட்டன்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

1973 நவம்பர் 24 அன்று அக்கம்பக்கத்தினர் ஒன்றுகூடி சுமார் 500 செர்ரி மரங்களை நட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கு. நகராட்சி ஆட்கள் வந்து நட்டுவிட்டுப் போயிருந்தால் அது 'கவர்மென்ட் மரம்'. தன் வீட்டு வாசலில் தானே குழி தோண்டி நட்டதால் அது 'என் மரம்' ஆகிவிட்டது. வாடினால் தண்ணீர் ஊற்ற யாரும் சொல்ல வேண்டியதில்லை.

திருவிழாவாக மாறியது எப்போது?

நகரைத் தூய்மையாகவும் அழகாகவும் வைத்திருக்க உருவான உள்ளூர் அமைப்பின் தலைமைப் பொறுப்புக்கும் கிரேட்டன் வந்தார். மரம் நடுவது ஒரே நாளோடு முடியாமல் வருஷா வருஷம் தொடர இது உதவியது.

1982-ல் முதல் சர்வதேச செர்ரி பூ திருவிழா நடந்தது. 3 நாள் விழாவாக ஆரம்பித்தது பிறகு 10 நாள் கொண்டாட்டமாக வளர்ந்தது. மார்ச் மாதம் வந்தால் கடை வாசல் முதல் பேரணி வண்டிகள் வரை ஊரே பிங்க் நிறத்துக்கு மாறிவிடும். அன்பு, அழகு, சர்வதேச நட்பு ஆகிய மூன்றும்தான் திருவிழாவின் முழக்கம்.

ஃபிக்லிங் 1990-ல் காலமானார். அவர் தோட்டத்திலிருந்து புறப்பட்ட மரங்கள் அதற்குள் ஊரின் அடையாளமாகவே மாறியிருந்தன.

ஒரு மரத்திலிருந்து லட்சம் மரம்.. எப்படி?

யோஷினோ செர்ரி, ஜப்பானில் எடோ காலத்தின் பிற்பகுதியில் பரவிய கலப்பின மரம். இன்றைய டோக்கியோவில் இருந்த சோமேய் என்ற ஊரின் பெயரைச் சேர்த்து 'சோமேய் யோஷினோ' என்று அழைக்கிறார்கள். இலை வருவதற்கு முன்பே கிளை முழுக்கப் பூப்பதுதான் இதன் ஸ்பெஷல். பூவின் நிறம் வெள்ளை அல்லது மிக வெளிர் பிங்க்.

இந்த மரத்தின் விதையைப் போட்டால் அதே மாதிரி மரம் கிடைக்காது. தாய் மரத்தின் கிளையை வெட்டி ஒட்டுக்கட்டியோ, தண்டை வேர்விட வைத்தோதான் வளர்க்க முடியும். அதனால் உலகில் உள்ள சோமேய் யோஷினோ மரங்கள் எல்லாமே மரபணு அளவில் ஒரே மரத்தின் நகல்கள், அதாவது 'குளோன்'கள்.

ஒரு தெருவில் உள்ள எல்லா மரங்களும் ஒரே நேரத்தில் பூத்து, ஒரே நேரத்தில் உதிர்வதற்குக் காரணம் இதுதான். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி!

நகல்களால் இன்னொரு லாபமும் உண்டு. வாஷிங்டனுக்குப் போன மரங்களின் மூலம், டோக்கியோ அருகே அரகாவா ஆற்றங்கரையில் இருந்த செர்ரித் தோப்பு. இரண்டாம் உலகப் போர் காலத்தில் அந்தத் தோப்பு நலிந்துபோனது. 1952-ல் ஜப்பான் உதவி கேட்டபோது, வாஷிங்டன் மரங்களின் வழிவந்த மரங்களிலிருந்து ஒட்டுக்கான கிளைத் துண்டுகள் அனுப்பிவைக்கப்பட்டன. கொடுத்தவருக்கே திரும்பக் கொடுக்க முடிந்தது.

வாஷிங்டனில் எரிக்கப்பட்ட 2,000 மரங்கள்

வாஷிங்டனின் கதையும் ஒரு தனிநபரின் ஆசையில்தான் தொடங்கியது. ஜப்பான் போய்வந்த எழுத்தாளர் எலைசா சிட்மோர், தலைநகரில் செர்ரி மரம் வைக்கலாம் என்று 1885-லேயே அதிகாரிகளிடம் சொன்னார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 24 ஆண்டுகள் கழித்து, 1909-ல் அதிபரின் மனைவி ஹெலன் டாஃப்ட் ஆதரவு தந்த பிறகே காரியம் நடந்தது.

1910 ஜனவரியில் ஜப்பானிலிருந்து 2,000 மரங்கள் பரிசாக வந்து சேர்ந்தன. சோதித்துப் பார்த்ததில் பூச்சியும் நோயும் நூற்புழுவும் இருப்பது தெரிந்தது. நட்பு நாட்டின் பரிசு என்றாலும் வேறு வழியில்லை. அதிபர் ஒப்புதலோடு அவ்வளவும் எரிக்கப்பட்டன.

ஜப்பான் கோபித்துக்கொள்ளவில்லை. டோக்கியோ மேயர் யுகியோ ஒசாகி முயற்சியில் 3,020 மரங்கள் மறுபடி அனுப்பப்பட்டன. 1912 மார்ச் 27-ல் ஹெலன் டாஃப்டும், ஜப்பான் தூதரின் மனைவியும் முதல் 2 மரங்களை நட்டார்கள்.

சிக்கல் எங்கே இருக்கு?

1. ஆயுள் குறைவு: யோஷினோ செர்ரி ஆலமரம் மாதிரி தலைமுறைகளைத் தாண்டும் மரம் இல்லை. பொதுவாக 30 முதல் 40 வருஷம்தான். நல்ல பராமரிப்பு இருந்தால் அதைத் தாண்டலாம். 1912-ல் வாஷிங்டனுக்கு வந்த மரங்களில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆனா அது விதிவிலக்கு. மேக்கனில் 1973-ல் நட்டவற்றில் எஞ்சியிருக்கும் மரங்களுக்கு இப்போ 50 வயசுக்கு மேல்! ஒரே சமயத்தில் நட்ட மரங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் முதுமை அடையும்.

2. எல்லாமே ஒரே மரம்: ஒரு குளோனைத் தாக்கக்கூடிய நோய், எல்லாக் குளோன்களையும் தாக்கும். அழகுக்குக் காரணமான அதே ஒற்றுமைதான் ஆபத்துக்கும் காரணம்.

3. மாறும் பருவநிலை: ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி பூக்கும் நாள் பற்றி சுமார் 1,200 ஆண்டுகளுக்கான குறிப்புகள் இருக்கின்றன. 2021-ல் அதுவரை இல்லாத அளவுக்கு முன்கூட்டியே, மார்ச் 26-லேயே பூ உச்சத்துக்கு வந்தது. பூ சீக்கிரம் மலர்ந்து, அதற்குப் பிறகு உறைபனி வந்தால் மொத்தமும் கருகிவிடும். திருவிழா தேதிக்கு முன்பே பூ உதிர்ந்துபோகும் சங்கடமும் உண்டு.

4. மண்ணும் தண்ணீரும்: வாஷிங்டனில் டைடல் பேசின் நீர்நிலையின் கரைச் சுவர் உள்வாங்கி, அலை ஏறும்போதெல்லாம் தண்ணீர் வேரில் தேங்கியது. சுவரைப் புதுப்பிப்பதற்காக 2024-ல் சுமார் 150 செர்ரி மரங்கள் வெட்டப்பட்டன. 'ஸ்டம்பி' என்று மக்கள் செல்லப்பெயர் வைத்துக் கொண்டாடிய மொட்டை மரமும் அதில் ஒன்று. அதை வெட்டும் முன் குளோன் எடுக்க கிளைகள் சேகரிக்கப்பட்டன. புதிதாக நட 250 மரங்கள் தருவதாக ஜப்பான் அறிவித்தது.

அழகுக்கு வைத்த மரமே வில்லனான கதை

எந்த மரத்தை நடுகிறோம் என்பதும் முக்கியம். செர்ரி போலவே வெள்ளையாகப் பூக்கும் 'கேலரி பேரி' மரத்தை அமெரிக்க நகரங்கள் பல பத்தாண்டுகளாகத் தெருவோரங்களில் நட்டன. அது விதை மூலம் காட்டுக்குள் பரவி, உள்ளூர்ச் செடிகளை நெருக்கத் தொடங்கியது. ஒஹையோ மாநிலம் 2023-லும், தெற்கு கரோலினா 2024-லும் அதன் விற்பனைக்குத் தடை விதித்தன.

நம்ம ஊரிலும் உதாரணம் இருக்கு. மஞ்சள் பூவுக்காகக் கொண்டுவரப்பட்ட மஞ்சக்கொன்னை என்ற வெளிநாட்டு மரம், இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பெரும் பரப்பை ஆக்கிரமித்திருக்கிறது. அதை அகற்ற வனத்துறை போராடி வருகிறது. இது நம் சரக்கொன்றை இல்லை, இரண்டும் வேறு வேறு.

செர்ரி மரம் தமிழ்நாட்டில் பூக்குமா?

சமவெளியில் யோஷினோ செர்ரி பூப்பது நடக்காத காரியம். குளிர்காலத்தில் பல வாரங்கள் நல்ல குளிர் கிடைத்தால்தான் அதன் மொட்டுகள் உறக்கம் கலைந்து மலரும். சென்னை, மதுரையில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

இந்தியாவில் செர்ரி பூ பார்க்க வேண்டுமென்றால் மேகாலயாவின் ஷில்லாங் போகலாம். அங்கே பூப்பது இமயமலைப் பகுதிக்கே சொந்தமான வேறு வகை. வசந்தத்தில் அல்லாமல் நவம்பரில் பூக்கும். பெங்களூருவில் பிங்க் நிறத்தில் பூத்து இன்ஸ்டாகிராமில் வைரலாகும் மரம் செர்ரியே கிடையாது. அது மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த டபேபூயா.

தெருவையே மஞ்சளாக்கும் மரம் வேண்டுமென்றால் சரக்கொன்றை இருக்கு. நிழலும் பூவும் சேர்ந்து வேண்டுமென்றால் புங்கை, பூவரசு இருக்கு. மூன்றுமே நம் வெயிலுக்குப் பழகியவை.

ஊர் கூடி பூமரம் நடும் முன் கவனிக்க வேண்டியவை

* மண், வெயில், தண்ணீர் மூன்றுக்கும் பொருந்தும் மரமா என்று முதலில் பாருங்கள். போட்டோவில் அழகாக இருப்பது போதாது.
* கன்றில் பூச்சி, நோய் இருக்கிறதா என்று சோதியுங்கள். இலவசமாக வந்தாலும் சரி!
* தலைக்கு மேல் மின்கம்பி, தரைக்குக் கீழ் குழாய் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு குழி தோண்டுங்கள்.
* தெரு முழுக்க ஒரே வகை வேண்டாம். நான்கைந்து வகை கலந்து வைத்தால், ஒரு நோய் வந்தாலும் எல்லாம் போகாது.
* மொத்த மரத்தையும் ஒரே வருஷத்தில் நடாமல், சில வருஷ இடைவெளியில் பிரித்து நடுங்கள். எல்லாம் ஒன்றாக முதுமை அடையாது.
* ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வீட்டின் பெயரைப் போடுங்கள். முதல் இரண்டு, மூன்று கோடையில் தண்ணீர் ஊற்றுவது அந்த வீட்டின் பொறுப்பு.

மரம் நடும் விழாக்கள் எல்லா ஊரிலும் நடக்கின்றன. அடுத்த கோடையில் அந்தக் கன்றுகள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கு. கன்று தர ஒருவர், ஊரைத் திரட்ட இன்னொருவர், வாசலில் தண்ணீர் ஊற்ற ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர். மேக்கனில் இந்த மூன்று பேரும் அமைந்தார்கள். வயதான மரங்களின் இடத்தில் புதுக் கன்று வைக்கவும் அங்கே இனி அதே மூன்று பேர் தேவை.